பந்துப்பானை

மேட்டுப்பாறையில் கல்லுடைக்கிறவனுக்குச் சூரியன் உதிக்கிறதே சூசைராஜ் உலையில்தான். முந்தின நாள் மழுங்கிப்போன உளிகளைச் சாக்குத்துணியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆளாளாய் வந்து உலையைச் சுற்றிக் குந்துவார்கள். சூசைராஜ் ஒவ்வொன்றாய்க் காய்ச்சி, முனை தட்டி, தொட்டித் தண்ணீரில் தோய்த்துக் கொடுக்கவேண்டும். தோய்ச்சல் சரியில்லாத உளி பாறையில் பட்டதும் பல்லைக் காட்டிவிடும். அதனால் அவனை யாரும் அவசரப்படுத்துகிறதில்லை. முறை வருகிறவரைக்கும் வாய்க்கு வேலை வேண்டுமே. அந்த ஊரில் வாய்க்கு இருந்த வேலை ஃபுட்பால்.

மார்கழிப் பனி இன்னும் பாறையை விட்டு இறங்கவில்லை. சந்தனசாமி துண்டால் காதை மூடிக்கொண்டு கடைசியாய் வந்து குந்தினான்.

"வனத்து அந்தோணியார் திருநாள் ஆட்டத்துக்கு மொதப் பந்தை யாரு ஒதைக்கிறதுன்னு பேசியாச்சா?" என்று ஆரம்பித்தவன் சூசைராஜ்தான்.

"பேச என்ன இருக்கு? இலுப்பூர்லேருந்து ஒரு பெரிய மனுசரைக் கூப்பிட்டாப் போச்சு" என்றான் மரியசெல்வம். இப்போது கிளப்புக்கு செக்ரட்டரி அவன். கல்லுடைக்க வெள்ளைச் சட்டையில் வருகிற ஆள் அந்தப் பாறையிலேயே அவன் ஒருத்தன்.

"பெரிய மனுசன் எதுக்குய்யா? மேனேஜரைக் கூப்புடுங்க."

சூசைராஜ் அதைச் சொன்னதும் குந்தியிருந்தவர்கள் எல்லாம் ஒரு நொடி நெருப்பையே பார்த்தார்கள். மேனேஜர் என்றால் அந்த ஊரில் ஒருத்தர்தான், சவரிநாதன். சம்பள மேனேஜர் இல்லை. குவாரியில் வெடிமருந்துக்குக் குழி போடுகிற வேலை. சாயங்காலமானால் பந்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிடுவார். வெறுங்காலில் கல்லுமேல் ஓடிப் பழகின பயல்களை வைத்துப் புதுக்கோட்டைக் கோப்பையை ரெண்டு தரம் ஊருக்குக் கொண்டுவந்த ஆள். ஏழு வருஷமாய் இலுப்பூரில் கிடக்கிறார்.

"அரிசித் திருடனைக் கூப்புட்டு மொதப் பந்து ஒதைக்கச் சொல்லுவியா?" மரியசெல்வம் உளியைத் தரையில் தட்டினான். "நல்லா இருக்குய்யா ஒன் ஞாயம்."

"கோப்பை வாங்குனதெல்லாம் மறந்துபோச்சோ? ஒவ்வொருத்தன் தோள்லயும் கையைப் போட்டு ஆடச் சொல்லிக் குடுத்தவருய்யா அவரு. அதுக்கு முன்ன ஒங்க ஆட்டம் என்ன ஆட்டம்? பந்து ஒரு பக்கம், பத்துப் பேரும் அது பின்னாடி. ஆடு தொறந்துவிட்ட மாதிரி" என்றான் சூசைராஜ்.

"சும்மா பாஸு பாஸுன்னு உசிரை எடுத்தாரு. கோல் வாய்க்கு முன்னால நிக்கிறவனையும் பாஸ் பண்ணச் சொல்லுவாரு" என்று அலுத்துக்கொண்டான் ஒருத்தன்.

"கீழ பாக்காதடா, தலையத் தூக்கு! காலுக்குப் பந்து தெரியும்!" யாரோ மேனேஜர் குரலில் கத்திக் காட்டினான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"அதெல்லாம் சரிப்பா" என்றான் மரியசெல்வம். "மழை பொய்ச்ச வருசம் ஜெகதாப்பட்டினத்து டீமோட செமிஃபைனல். அவிங்க மீனு தின்ன ஒடம்பு, குதிரை மாதிரி ஓடுறாய்ங்க. நம்ம பயலுக பாதி ஆட்டத்துல சதை பிடிச்சுச் சுருண்டு சுருண்டு விழுந்தாய்ங்க. எதனால? வயித்துல ஒண்ணுமில்ல. நம்ம பொம்பளையாளுக பானையில போட்ட அரிசி எங்க போச்சு? கேட்டோம். வாயைத் தொறந்தாரா?"

பானை என்று அவன் சொன்னது பந்துப்பானையை. உலை வைக்கிறதுக்கு முன்னால் வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டுவைப்பார்கள். கோயிலுக்கு என்று இருந்த வழக்கத்தை மேனேஜர்தான் சாமியாரிடம் கேட்டு ஆட்டக்காரர்களுக்கு என்று மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீடுவீடாய் வந்து சாக்கில் கொட்டிக்கொண்டு போவார். பயிற்சி முடிந்த பயல்களுக்கு அதில்தான் சோறு. மிச்சம் மூட்டையாய்க் கோயில் அறையில் கிடக்கும். மழை பொய்த்த வருஷம் அந்த அறையைத் திறந்து பார்த்தபோது அங்கே எலிப்புழுக்கைதான் இருந்தது.

"இந்தா, சந்தனசாமியண்ணன் இருக்காரு" என்றான் மரியசெல்வம். "சொந்த மச்சான்னும் பாக்காம அன்னைக்குக் கோயில் வாசல்ல மேனேஜருக்கு எதிராக் கையைத் தூக்குன மனுசன். நேர்மைன்னா அது. அவரைக் கேளுங்க, கூப்புடலாமான்னு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சந்தனசாமி சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

"பழசை எதுக்குப்பா கிண்டிக்கிட்டு" என்றுதான் வந்தது.

"பாத்தியா, நல்லவரு. விட்டுக்குடுக்கவும் மாட்டாரு, காட்டிக்குடுக்கவும் மாட்டாரு" என்றான் ஒருத்தன். சந்தனசாமி உளிகளை வாங்கிக்கொண்டு எழுந்தபோது, உலையை ஒட்டி நின்றிருந்த பெரியகருப்பன் வழிவிட்டு ஒதுங்கினான். அந்த செமிஃபைனலில் ஃபுல்பேக் ஆடினவன். சதை பிடித்துக் குனிந்த நேரத்தில் எதிராளி வந்து மோதி முழங்காலுக்குக் கீழே ஒடிந்துபோனது. கால் கோணலாய்த்தான் கூடியது. குவாரியில் இப்போது அவனுக்குத் தண்ணீர் சுமக்கிற வேலை. இந்தப் பேச்சு வந்தால் அவன் வாயே திறக்க மாட்டான்.

அன்றைக்கு முழுக்கச் சந்தனசாமிக்குச் சம்மட்டி இசையவில்லை. மத்தியானம் கூழ்க்கலயத்தைத் திறந்தான். வெங்காயத்தைக் கடித்தான். இறங்கவில்லை.

அந்த மழையில்லாத வருஷம் குவாரியை மூடிவிட்டார்கள். ரேஷனில் போட்ட சோளத்தில் பாதி உமி. அவன் பெண்டாட்டி, சவரிநாதனின் தங்கச்சி வியாகுலமேரி அப்போது கைப்பிள்ளைக்காரி. பால் வற்றிப்போய்ப் பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. ஒருநாள் கருக்கலில் சவரிநாதன் ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கமாய் வந்தார். மேலே தவிடு தூவியிருந்தது. கையை விட்டால் அடியில் அரிசி. "மாட்டுக்குத் தவிடுன்னு சொல்லிக்க. ஒருத்தருக்கும் தெரிய வேணாம் மாப்ளே. ஒன் வீட்டுக்கு மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கே எடுத்தது என்று சந்தனசாமி கேட்கவில்லை. கேட்காமலே தெரியும். தின்றான். பிறகு கோயில் வாசலில் ஊர் கூடிக் கேட்டபோது, தான் சும்மா இருந்தால் சந்தேகம் வந்துவிடும் என்று பயந்து, "மச்சானா இருந்தாலும் கணக்குக் கணக்குதான்" என்று எல்லோருக்கும் முன்னால் கையைத் தூக்கினான். சவரிநாதன் அவனை ஒரு தரம் பார்த்தார். "இனி கிளப்பா வந்து கூப்புட்டாத்தான் இந்த எல்லையை மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்குக் கிடைத்தது 'நேர்மைக்காரன்' என்கிற பேர். ஏழு வருஷமாய் அது அவன் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வியாகுலமேரி உலை வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பிடி அரிசியை எடுத்து மூலைப்பானையில் போட்டாள். சரக்கென்று ஒரு சத்தம். ஊரில் எல்லோரும் நிறுத்தியும் அவள் மட்டும் நிறுத்தவில்லை. நிறைந்தால் ஆவூர்க் கோயிலில் ஏழைகளுக்கு என்று கொட்டிவிட்டு வருவாள். அதைப்பற்றி ஒருநாளும் அவனிடம் ஒரு சொல் சொன்னதில்லை. அந்தச் சத்தம் போதாதா?

"கோயில்ல மூணு கல்யாண ஓலையும் வாசிச்சாச்சு" என்றாள் அடுப்பைப் பார்த்தபடி. மூத்தவள் அற்புதமேரிக்குத் தையில் கல்யாணம். "எங்கண்ணனுக்கு எப்ப சொல்லப் போறீங்க?"

"அவரு வர மாட்டாரே. கிளப்பு வந்து கூப்புடணும்னு..."

"அப்ப கிளப்பைக் கூப்புடச் சொல்லுங்க."

"நா சொன்னாக் கேப்பாங்களா?"

"நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க. நேர்மையான மனுசருன்னு பேரு வாங்குனவுகளாச்சே." அவள் திரும்பவில்லை. "தாய்மாமன் கையைப் பிடிச்சுத்தான் எம்மவ கோயில்படி ஏறணும். அவுக வரலைன்னா நானும் அன்னைக்குப் பாறைக்குக் கல்லு சொமக்கப் போயிருவேன். நீங்களே நின்னு நடத்திக்கங்க."

அவள் செய்கிறவள்தான். அவனுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மைதானத்தில் கல் பொறுக்கினார்கள். திருநாள் ஆட்டத்துக்கு முன்னால் வருஷா வருஷம் நடக்கிறதுதான். ஆட்டக்காரன், ஆடாதவன், கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிறவன் எல்லோரும் ஒரே வரிசையாய்க் குந்தி, குனிந்த தலை நிமிராமல் கல்லையும் நெருஞ்சி முள்ளையும் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டே நகர வேண்டும். பெரியகருப்பனுக்குக் கால் மடங்காது. அவன் கோல் கம்பத்தை நட்டு மிதித்துக்கொண்டிருந்தான்.

பேச்சு வரிசையோடு ஊர்ந்து அதே இடத்துக்கு வந்தது. சூசைராஜ் விடவில்லை. "தப்பே பண்ணியிருக்கட்டும்யா. வயசாச்சு. மன்னிச்சுக் கூப்புடுங்க."

"மன்னிக்கலாம்" என்றான் மரியசெல்வம். "ஆமாய்யா, எடுத்தேன்னு வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். அது இல்லாம மன்னிச்சா நாளைக்கு எவன் வேணாலும் கோயில் அரிசியில கையை வப்பான்."

"அரிசிய நாந்தான் தின்னேன்" என்றான் சந்தனசாமி.

தலையை நிமிர்த்தவில்லை. குனிந்தபடியே சொன்னதால்தான் சொல்ல முடிந்தது. கை கல்லைத் தேடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பொறுக்கிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"என்னண்ணே சொல்றீங்க?"

"மேனேஜரு எடுத்தது எங்க வீட்டுக்கு. கைப்புள்ள சாகக் கெடந்துச்சு. அரை மூட்டை. மேல தவிட்டைத் தூவித் தூக்கியாந்து போட்டாரு. தின்னுபுட்டுத்தான் கையைத் தூக்குனேன்."

இப்போது வரும் என்று காத்திருந்தான். வசவு வரும், காறித் துப்புவார்கள், கல் வந்தாலும் வரும். ஒன்றும் வரவில்லை.

"தவிடா?" என்று கேட்டான் சூசைராஜ். குரல் சரியில்லை. "மேல தவிடு தூவியா?"

"ஆமா."

"மாட்டுக்குன்னு சொல்லிக்கன்னாரா?"

சந்தனசாமி தலையைத் தூக்கிப் பார்த்தான். சூசைராஜ் கையில் இருந்த கல்லைப் போட்டுவிட்டு உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒன் வீட்டுக்கு மட்டுந்தான்னு சொன்னாருய்யா. எங்கிட்ட மாடே இல்ல."

வரிசையில் அங்கிட்டு ஒருத்தன் மூக்கைச் சிந்தினான். "எங்க வீட்டுக்கும் தவிட்டுச் சாக்குதான் வந்துச்சு" என்று முனகினான். அதற்கடுத்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கடுத்தவனும் அப்படியே. தவிடு தவிடு என்று வரிசை முழுக்க ஒரு முணுமுணுப்பு போனது. ஒவ்வொருத்தனும் தான் ஒருத்தன்தான் தின்றதாய் நினைத்துப் பயந்து, அடுத்தவனை விடக் குரலை உயர்த்திக் கணக்குக் கேட்டிருக்கிறான்.

எல்லோரும் மரியசெல்வத்தைப் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டையில் கழுத்துப்பட்டை வரைக்கும் வேர்த்திருந்தது.

"எங்க வீட்டுக்கு ரெண்டு தரம்" என்றான்.

யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

கோல் கம்பத்துப் பக்கமிருந்து மண்ணை மிதிக்கிற சத்தம் நின்றது. "அப்ப நா ஒருத்தன்தான் திங்கலையா?" என்று கேட்டான் பெரியகருப்பன்.

குந்தியிருந்தவர்கள் மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தார்கள்.

"எங்காத்தாவும் தெனம் ஒரு பிடி போட்டுச்சுய்யா" என்றான். கோபமாகச் சொன்ன மாதிரியும் தெரியவில்லை. மறந்துபோன ஒன்றை நினைவு வந்து சொல்கிற மாதிரி இருந்தது. காலை இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

"சரி, யாரு போயிக் கூப்புடுறது?" என்று சூசைராஜ் கேட்டபோது பாதிப்பேர் கூடையைத் தலையில் வைத்தாகிவிட்டது.

"திருடன்னா மன்னிச்சுட்டோம் வாங்கன்னு கூப்புடலாம்" என்றான் மரியசெல்வம். "இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

ஒருத்தரும் போகவில்லை. சந்தனசாமி போனான். போகாமல் அவன் வீட்டில் கல்யாணம் இல்லை.

இலுப்பூர்க் கடலை மண்டியில் சவரிநாதன் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். நீளக் கோணி ஊசி. முடி முழுக்க வெளுத்திருந்தது. சந்தனசாமியைப் பார்த்ததும் ஒரு வெற்றுச் சாக்கை எடுத்து உதறி, உட்காரப் போட்டார்.

"வா மாப்ளே. லெஃப்ட் அவுட்டு இப்ப யாரு ஆடுறான்?"

அதுதான் முதல் கேள்வி. தங்கச்சியைக் கேட்கவில்லை, பிள்ளைகளைக் கேட்கவில்லை. சந்தனசாமி சொன்னான். அந்தப் பயல் இடதுகாலில் அடிப்பானா என்று கேட்டார், பந்தை நிறுத்திப் பார்ப்பானா, சும்மா ஓடுவானா என்று கேட்டார். எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் சந்தனசாமிக்கு வந்த விஷயம் சொல்ல வாய் வந்தது. கல் பொறுக்கினதைச் சொன்னான். தவிட்டைச் சொன்னான்.

சவரிநாதன் ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்தினார். "ஏன்யா சொன்னே?"

"ஒங்களத் திருடன்னு பேசுறாங்க மச்சான்."

"பேசட்டுமே. என் ஒருத்தன் பேரு கெட்டுச்சு, நா இங்கிட்டு வந்துட்டேன். இப்ப ஊரு பேரே கெட்டுப்போச்சு. ஒருத்தன் மொகத்தை ஒருத்தன் எப்பிடிப் பாப்பான்? மொகம் பாக்காதவன் எப்பிடிப் பாஸ் குடுப்பான்?" மூச்சு வாங்கினார். பிறகு தணிந்த குரலில், "பெரியகருப்பன் இருந்தானா அங்க?" என்றார்.

"இருந்தான்."

"என்ன சொன்னான்?"

சந்தனசாமி சொன்னான். சவரிநாதன் சாக்கின் வாயைத் தடவினார்.

"அவன் டீமுச் சோறு திங்கிறவன், வீட்டுல ஆத்தா ஒருத்திதானேன்னு விட்டுட்டேன் மாப்ளே. அப்பறம் டீமுச் சோத்தையும் கொறைச்சேன். கஞ்சியாக்கினேன். ரெண்டு பக்கமும் பட்டினி போட்டது அவனைத்தான். போட்டுட்டு, ஓடு ஓடுன்னு கோட்டுல நின்னு கத்துனேன்." நிமிர்ந்து பார்த்தார். "கோயில் வாசல்ல நா ஏன் வாயைத் தொறக்கலைன்னு நெனைக்கிற? ஒங்க மானத்துக்குன்னு நெனைச்சியா? அதுக்குந்தான். ஆனா அவன் காலுக்குக் கட்டுப் போட்டுக் கெடந்தான்யா. எவனெவன் வயித்துக்குத் தன் காலு போச்சுன்னு அவனுக்குத் தெரிய வேணாம்னு நெனைச்சேன். திருடித் தின்னுட்டான் ஒருத்தன்னா ஆத்திக்கலாம். ஊரே தின்னுச்சுன்னா?"

சந்தனசாமி குனிந்தபடி சொன்னான். "கிளப்புலேருந்து யாரும் வரலை மச்சான். நாந்தான் வந்தேன். அற்புதமேரிக்காக வரணும்."

"நீயும் கிளப்புதான்யா. கோட்டுக்கு வெளிய நின்னு கத்துறவன் இல்லாம கிளப்பு ஏது?" ஊசியை உருவினார். "பொண்ணுக்காக வாரேன். ஆட்டத்துக்கு வரலைன்னு சொல்லு."

வந்தார். தையில், வெயில் ஏறுவதற்குள் நடந்தே வந்தார். எல்லைப் பாறையில் வியாகுலமேரி நின்று கூட்டிக்கொண்டு போனாள். மருமகள் கையைப் பிடித்துக் கோயில்படி ஏற்றினார். பூசையில் முன்னால் அவர் நின்றார். பின்னால் நின்ற ஆம்பிளைகள் யாரும் அன்றைக்குப் பீடத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்த்தால் நடுவில் அவர் முதுகு.

பந்தியில் கிளப்புக்காரர்கள்தான் பரிமாறினார்கள். எந்தக் கல்யாணத்திலும் அதுதான் முறை. முதல் பந்தி, முதல் எலை தாய்மாமனுக்கு. உப்பு வைத்தார்கள், பூசணிக்காய்க் கூட்டு வைத்தார்கள், அப்பளம் வைத்தார்கள். எல்லோரும் வேகவேகமாய் வைத்துவிட்டு அங்கிட்டு ஓடினார்கள். சோறு வரவில்லை.

சோற்றுக்கூடை சந்தனசாமி கையில் இருந்தது. எலையிலிருந்து நாலு எட்டுத் தள்ளி நின்றான். அரிசிச் சோற்றின் ஆவி முகத்தில் அடித்தது. அதே வாசம். கொல்லையில் பானை பொங்கின அன்றைக்கு வந்த வாசம். கூடையை சூசைராஜிடம் நீட்டினான். சூசைராஜ் வாங்கி, மரியசெல்வத்தைத் தேடினான். மரியசெல்வம் தண்ணீர்ச் செம்போடு பந்தல் காலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். எலை முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். வாசல்படியில் நின்ற வியாகுலமேரி புருஷனைப் பார்த்தாள்.

"என்னய்யா, சோத்தை வச்சுக்கிட்டுக் கோழி பிடிக்கிறீங்க? இங்கிட்டுக் கொண்டா."

பெரியகருப்பன் கூடையை வாங்கினான். ஒரு காலை ஊன்றி, ஒரு காலை இழுத்து, பந்தியின் நடுவில் எல்லோரும் பார்க்க நடந்தான். சவரிநாதனுக்கு முதலில் தெரிந்தது அந்தக் கால்தான். எலைக்கு முன்னால் வந்து கோணலாய் ஊன்றின பாதம். அவர் அதற்கு மேலே பார்க்கவில்லை. எலையில் இருந்த உப்பையே பார்த்தார்.

பெரியகருப்பன் ஓர் அகப்பை போட்டான். அவர் கை எழவில்லை. இன்னோர் அகப்பை போட்டான்.

"கீழ பாக்காதீங்க மேனேஜரே" என்றான். "தலையத் தூக்குங்க."

சவரிநாதனின் கழுத்து நரம்பு ஒரு தரம் அசைந்தது, தலை எழவில்லை. பெரியகருப்பன் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நல்ல காலில் பாரத்தை மாற்றி, அங்கேயே நின்றான். அவர் தூக்குகிறவரைக்கும் அடுத்த எலைக்கு நகர்கிற உத்தேசம் அவனுக்கு இல்லை.